ராசாத்தாள் ஊத்துன எண்ணெய்

நான் சொல்லப் போறது ராசாத்தாளப் பத்தி. ஆனா ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போற யூரினல்ல இருந்துதான் ஆரம்பிக்கோணும். மூக்கச் சுளிக்கறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிரலாமுங்க. எனக்கு அதுதான் சோறு. கோயமுத்தூர் கோட்டைமேட்டுல வந்து பிளம்பர் ரசாக் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா யாரு வேணாலும் வழி சொல்லுவாங்க. மில்லு, ஆசுபத்திரி, கல்யாண மண்டபம், கம்ப்யூட்டர் கம்பெனின்னு முப்பது வருசமா குழாய் போட்டுக்கிட்டு இருக்கேன். எத்தனை மாடி கட்டுனாலும் கடைசில என்னையத்தான் கூப்பிட்டாகணும்ங்கற திமிரு எனக்கு நெறைய இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் சொல்றேன், கவனிச்சுக்குங்க.

உடுமலைப்பேட்டைக்கு அக்கட்ட ஒரு கொப்பரைச் சந்தை இருக்குது. வியாபாரிங்க சங்கம் வெச்சு நடத்தறாங்க. பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு அந்தப் பக்கம் எனக்கு வேலை கிடைக்காது. பார்த்தீங்களா, இவ்வளவு ஆனதுக்கு அப்பறமும் பயம் போகலை.

பெரிய சிமெண்ட் களம், மூணு குடோன், ஏலம் விடற கொட்டகை. களத்துல நாப்பது பொம்பளைங்க காலைல ஏழு மணிக்கு வந்து உக்காந்தா சாயந்திரம் அஞ்சு வரைக்கும் தேங்காய் உடைப்பாங்க, காய வெப்பாங்க, கொப்பரையக் குத்தி எடுப்பாங்க. லாரிக்காரங்க, மூட்டை தூக்கறவங்க, வியாபாரிங்கன்னு ஏலத்தன்னைக்கு எரநூறு ஆம்பளைங்க வருவாங்க. களத்து மூலைல ஒரு கக்கூஸ் கட்டடம். ஆம்பளைப் பக்கம் அஞ்சு யூரினல். பொம்பளைப் பக்கம் ரெண்டு ரூமு. அந்தப் பொம்பளைப் பக்கக் கதவுல ஒரு பூட்டு, பூட்டுக்கு மேல சாக்பீஸ்ல 'தண்ணி இல்லை'ன்னு எழுதியிருந்துச்சு. அந்தச் சந்தைக்கு நான் மொதல்ல போனது ஆம்பளைப் பக்கம் ஒழுகற குழாய மாத்தறதுக்கு. பூட்ட நான் பார்க்கவே இல்லை. அதாவது கண்ணு பார்த்துச்சு, மண்டைல ஏறலை.

அங்க ஒரு அம்மா தரையக் கழுவிக்கிட்டு இருந்துச்சு. நாப்பது வயசு இருக்கும், ஒல்லி, கொண்டைய இறுக்கிப் போட்டு சேலைய முழங்காலுக்குத் தூக்கிச் சொருகியிருந்துச்சு. அதுதான் ராசாத்தாள். காலைல ஒரு மணிநேரம் ஆம்பளைக் கக்கூசக் கழுவிப்போட்டு, அப்பறம் களத்துக்குப் போயி தேங்காய் உடைக்கறது. புருசன் வடக்க லாரி ஓட்டப் போறவரு, மாசத்துல நாலு நாள் ஊட்டுல இருந்தா பெருசு. ஒரே பொண்ணு, லோகப்பிரியா, அப்பப் பதினொண்ணாவது முடிச்சு பன்னெண்டாவது போயிக்கிட்டு இருந்தா.

டீக்காரர் கேனத் தூக்கிக்கிட்டு வந்தாரு. ரெண்டு டீ வாங்கி ஒண்ண அந்தம்மாகிட்ட நீட்டுனேன்.

"வேண்டாங்க பாய்."

"சக்கரையா அம்மணி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. குடிச்சா எங்கீங்க போறது?"

மணி என்னன்னு கேட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரி சொல்லுச்சு. எனக்கு வெளங்கலை. அந்தம்மா தொடப்பத்தத் தூக்கிப் பூட்டக் காமிச்சுது. அப்பத்தான் மண்டைல ஏறுச்சு. டீய ஒரே மடக்குல முழுங்கி நாக்கச் சுட்டுக்கிட்டேன்.

அப்பறம் ஒவ்வொண்ணா சொல்லுச்சு. போர்க் கெணறு எட்டு வருசத்துக்கு முன்னாடியே வத்திப்போச்சு. தெனம் ஒரு டேங்கர் லாரித் தண்ணி வருது. ஆம்பளைப் பக்கம் குழாய் ஓடியே அதுல முக்காவாசி தீந்துரும், மிச்சம் களத்துக்கு. பொம்பளைங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு கதவப் பூட்டிப் போட்டாங்க. இருட்டோட எந்திரிச்சு ஊட்டுலயே முடிச்சுக்கிட்டு வரோணும், வந்தா சாயந்திரம் வரைக்கும் வாய்ல தண்ணி படக்கூடாது. சித்திரை வெயில்ல, சிமெண்ட் களத்துல. ராசாத்தாளுக்கு ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல் கண்டு பெரியாசுபத்திரில படுத்து எந்திரிச்சிருக்குது. ரெண்டாவது தடவை கிட்னிக்கே ஏறிப்போச்சுன்னு சொல்லியிருக்காங்க.

"டாக்டரம்மா தெனம் மூணு லிட்டர் குடிக்கச் சொல்றாங்க பாய். நானும் சரிங்க சரிங்கன்னு தலைய ஆட்டிப்போட்டு வந்தேன். அவங்ககிட்டப் போயி பூட்டப் பத்திப் பேச முடியுங்களா?"

சொல்லிப்போட்டு ஒரு கேள்வி கேட்டுச்சு பாருங்க. "ஏனுங்க பாய், நீங்க குழாய்க்காரரு, உங்களுக்குத் தெரியும். ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போறதுக்கு இத்தனை தண்ணி வேணுமுங்களா?"

முப்பது வருசத்துல எந்த எஞ்சினியரும் எங்கிட்ட அதக் கேட்டதில்லை. அந்தம்மா சும்மா கேக்கலை. யூரினல் குழாய்க்கு அடியில குடத்த வெச்சுப் பிடிச்சு, ஒரு நாளைக்கு எத்தனை குடம் போகுதுன்னு செவுத்துல கரிக்கோடு போட்டு வெச்சிருந்துச்சு. நான் அந்தக் கோட்டப் பார்த்துப்போட்டு, "தண்ணியே வேண்டாத யூரினல் இருக்குது அம்மணி"ன்னேன். "போங்க பாய், ஏழைன்னா கேலியா"ன்னு தொடப்பத்த எடுத்துக்கிட்டு நடந்துருச்சு.

கேலி இல்லை. கோயமுத்தூர்ல ஏர்போர்ட்டுப் பக்கம் ஒரு கம்பெனில அப்பத்தான் முப்பது மாட்டியிருந்தேன். அதே மாதிரி பீங்கான்தான், மேல குழாய் மட்டும் இருக்காது. அடியில ஓட்டையில கிண்ணி மாதிரி ஒரு டப்பா உக்காந்திருக்கும். அதுல ரெண்டு வகை. ஒண்ணுல ரப்பர் நாக்கு இருக்கும். மூத்திரம் போறப்ப தொறக்கும், போனதும் மூடிக்கும், நாத்தம் மேல வராது. இன்னொண்ணுல நீலக் கலர்ல ஒரு திரவம் மெதக்கும். மூத்திரம் கனமானது, திரவத்துக்கு அடியில எறங்கிப் போயிரும். திரவம் மேல மூடி மாதிரி நின்னுக்கும். மாசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி நெரப்போணும். ரெண்டுக்கும் தண்ணி ஊத்தவே கூடாது, துணில தொடச்சா போதும்.

சந்தைக்கு எதுன்னு நான் ஒரு வாரம் ரோசனை பண்ணேன். ரப்பர் நாக்குல பீடித்துண்டு சிக்குனா தொறந்தே கெடக்கும். சந்தைல பீடிக்கும் பாக்குக்கும் கேக்கவா வேணும்? அதனால திரவ வகைதான்னு முடிவு பண்ணேன். முடிவு பண்ணது நான். நல்லா ரோசிச்சுத்தான் பண்ணேன். இன்னைக்கும் படுத்தா அதுதான் நெனைப்பு. அன்னிக்கு ரப்பர்னு சொல்லியிருந்தா?

சங்கத்துச் செயலாளர் அங்கப்பன். ரெண்டு தென்னந்தோப்பு, ஒரு எண்ணெய் மில்லு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ரொம்ப மரியாதையான மனுசன், ஒரு நாளும் குரல ஒசத்த மாட்டாரு. எங்க ஊரு மரியாதையப் பத்தி வெளியூர்க்காரங்க பெருமையாப் பேசுவாங்க. அதுக்குள்ள இருந்து பாருங்க தெரியும். ராசாத்தாள் ஆறு வருசமா அவர்கிட்டச் சாவி கேட்டுது. அவரு ஆறு வருசமா, "பாக்கலாமுங்க அம்மணி"ன்னு கை கூப்பிச் சொன்னாரு. பாக்கலாமுங்கன்னா இல்லைன்னு அர்த்தம். மூஞ்சில அடிச்சு இல்லைன்னு சொன்னாலாவது சண்டை போடலாம். 'ங்க' போட்டுச் சொல்றவங்ககிட்ட என்னன்னு சண்டை போடறது?

நான் போயி பொம்பளைங்கன்னு பேச்சே எடுக்கலை. டேங்கர் லாரி பாதியாக் கொறையும்னேன். செய்யற கம்பெனி மாதிரிக்குக் கொடுத்திருந்த ஒரு பீங்கானக் கொண்டுபோயி, நீலத் திரவத்த ஊத்தி, மேல டீத்தண்ணிய ஊத்திக் காமிச்சேன். டீ உள்ள எறங்குச்சு, நீலம் அப்படியே நின்னுச்சு. அங்கப்பனுக்குச் சின்னப்பையனாட்டம் சந்தோசம், ரெண்டு தடவை மறுபடி ஊத்தச் சொல்லிப் பார்த்தாரு.

"சரிங்க பாய், மாட்டிப் போடுங்க. மிஞ்சற தண்ணிக்கு அந்தப் பொம்பளைக் கக்கூசையும் தொறந்து விட்டுரலாம், ராசாத்தாளும் கேட்டுக்கிட்டே இருக்குது. ஆனா ஒண்ணுங்க. ஆம்பளைப் பக்கம் ஒரு தொந்தரவுன்னு வந்துச்சுன்னா அன்னிக்கே கழட்டிப் போடுவேன். பழையபடி பூட்டுத்தான்."

அந்த வார்த்தைய ராசாத்தாள் நல்லா காதுல வாங்கிக்கிச்சு. அஞ்சு பீங்கானும் நாறாம, அடைக்காம இருந்தா கதவு தொறந்திருக்கும். இல்லைன்னா பூட்டு. அன்னைல இருந்து அந்தம்மா பொழப்பு அந்த அஞ்சு பீங்கான்ல மாட்டிக்கிச்சு.

ஆடி மாசம் மாட்டுனேன். மாட்டறது ரெண்டு நாள் வேலை. தண்ணி ஊத்தாம இருக்க வெக்கறதுதான் பெரிய கெரகம். நம்மாளுங்களுக்கு சுத்தம்னா தண்ணிதான். நூறு தடவை சொன்னாலும் மூட்டை தூக்கறவங்க பாட்டில்ல தண்ணி கொண்டுவந்து, "பாவம் காஞ்சு கெடக்குது"ன்னு ஊத்திப்போட்டுப் போவாங்க. ஊத்துனா திரவம் அடிச்சுக்கிட்டுப் போயிரும், நாத்தம் மேல வந்துரும். ராசாத்தாள் தேங்காய் உடைக்கற எடத்த மாத்தி, கக்கூஸ் வாசல் தெரியற மாதிரி உக்காந்துக்கிச்சு. கைல பாட்டிலோட யாராவது போனா போதும், அருவாளக் கீழ போட்டு எந்திரிச்சுரும்.

"ஏனுங்ண்ணா, ஊத்தறதுன்னா எங்க வாய்ல ஊத்துங்க. அதுல ஊத்தாதீங்க."

ஒரு அட்டைல லோகப்பிரியாவ விட்டு எழுதச் சொல்லி ஒட்டி வெச்சுது. 'தண்ணி ஊற்றாதீர்கள். இது பெண்கள் தண்ணீர்.' பசங்க சிரிச்சாங்க. சிரிச்சாலும் ஊத்தறத நிறுத்திப்போட்டாங்க.

பத்து நாள் கழிச்சுப் பூட்டத் தொறந்தாங்க. அன்னிக்கு மத்தியானம் எனக்குப் போன் வந்துச்சு. பேரு கூடச் சொல்லலை. "பாய், ரெண்டு டீ குடிச்சேனுங்க"ன்னு சொல்லிச் சிரிக்குது. பின்னாடி நாப்பது பொம்பளைங்க சத்தம். டீக்காரருக்குக் கேன் பத்தலையாம், மறுபடி போயிப் போட்டுக்கிட்டு வந்தாராம். நான் ஊட்டுக்கு வந்து என் சம்சாரம் சாயிரா பானுகிட்டச் சொன்னேன். அவ, "முப்பது வருசத்துல நீங்க பார்த்த வேலைல இதுதாங்க வேலை"ன்னா. எனக்கு எத்தனை பெருமை வந்துச்சுன்னு சொல்லி மாளாதுங்க. அல்லா சாட்சி, மக்காவுக்குப் போயிட்டு வந்தவனாட்டம் நடந்தேன்.

ஒன்றரை வருசம் அந்தக் கதவு தொறந்திருந்துச்சு. ராசாத்தாளுக்கு அந்த ஒன்றரை வருசமும் காய்ச்சல் இல்லை. ஒடம்பு கூட கொஞ்சம் தேறுச்சு. பொண்ணு பன்னெண்டாவது முடிச்சா, காலேசுக்கு அனுப்ப வழியில்லை, ஆனி மாசம் களத்துக்கே கூட்டிக்கிட்டு வந்துருச்சு. நான் வருத்தமா, "என்ன அம்மணி, புள்ளைய இங்க கொண்டாந்துட்டீங்க"ன்னேன்.

"முன்ன மாதிரின்னா கொண்டாந்திருப்பனுங்களா பாய்? பனியன் கம்பெனிக்கு அனுப்பியிருப்பேன். இங்கதான் எல்லாம் இருக்குதே."

எல்லாம்னு சொன்னது அந்த ரெண்டு ரூம. லோகப்பிரியா பக்கத்துல ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலு. "மத்தியானத்துக்குள்ள அதத் தீக்கோணும், இல்லீன்னா அடி விழும்"னு அந்தம்மா பெருமையா மெரட்டுச்சு. அந்தப் பொண்ணும், "பாருங்க மாமா, ஸ்கூல்ல கூட இத்தனை கண்டிசன் இல்லை"ன்னு பாட்டிலத் தூக்கிக் காமிச்சா.

இதுக்கு முன்னாடியே நான் பண்ண காரியம் ஒண்ணு இருக்குது. அந்த வருசம் பங்குனில நடந்தது.

நீலத் திரவம் கேன் கேனா கோயமுத்தூர்ல இருந்து போகோணும். மொதல்ல கொடுத்தது ஏழெட்டு மாசம் வந்துச்சு. தீந்ததும் ராசாத்தாள் அங்கப்பன்கிட்டக் கேட்டுது. "அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டு வாங்கிப் போடலாமுங்க அம்மணி." கூட்டம் தள்ளிப்போச்சு. மறுபடி தள்ளிப்போச்சு. அஞ்சுல ரெண்டு பீங்கான் லேசா நாற ஆரம்பிச்சுருச்சு. அங்கப்பன் மூக்கு அதக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஏதாவது பண்ணோணும். பதறிக்கிட்டு எனக்குப் போன் பண்ணுச்சு.

நான் அப்பக் கருமத்தம்பட்டில ஒரு தறிக்குடோன்ல, தகரத்துக்கு அடியில, ஏணி மேல நின்னுக்கிட்டு இருந்தேன். தறிச் சத்தத்துல காதுல பாதிதான் விழுகுது. வேர்த்துக் கொட்டுது.

"பாய், அந்தத் திரவம் எண்ணெய் மாதிரித்தானுங்களே மெதக்குது? தேங்கா எண்ணெய் ஊத்தலாமுங்களா? இங்க வேற எதுக்குப் பஞ்சம்னாலும் அதுக்குப் பஞ்சமில்லீங்க."

ஒரு நிமிசம் ரோசிச்சிருக்கலாம். ஏணிய விட்டு எறங்கியிருக்கலாம். "நாளைக்கு ஒரு கேன் நானே கொண்டாரேன்"னு சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "மெதக்கறது எல்லாம் ஒண்ணுதான் அம்மணி. ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது. பலே மூளை உங்களுக்கு." பாராட்டு வேற.

அந்தம்மா தன் ஊட்டுல தலைக்கு வெக்கற எண்ணெயக் கொண்டுவந்து அஞ்சுக்கும் அரை டம்ளர் ஊத்துச்சு. ஒரே நாள்ல நாத்தம் நின்னுபோச்சு. அப்பறம் மாசா மாசம் அதையே ஊத்துச்சு, திரவத்தப் பத்தி யாருமே பேசலை. பங்குனி, சித்திரை, ஆடி, ஐப்பசி, எல்லாம் ஜோரா ஓடுச்சு. நானும் ரெண்டு மூணு எடத்துல, உடுமலைல ஒரு அம்மா கண்டுபிடிச்ச வித்தைன்னு சொல்லிப் பீத்திக்கிட்டேன்.

இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தமிழ்நாட்டுல பொறந்த எந்தக் கொழந்தைக்கும் தெரியும். மார்கழில தேங்காய் எண்ணெய் என்ன ஆகும்?

அந்த வருசம் பனி கொஞ்சம் சாஸ்தி. மலையில இருந்து எறங்குற காத்து வேற. ரெண்டு நாள் சந்தை லீவு, யாரும் உள்ள போகலை. மூணாவது நாள் ஏலம். காலைல ஆறு மணிக்கே லாரிங்க வந்து நின்னுருச்சு, எரநூறு ஆம்பளைங்க. டீயக் குடிச்சுப்போட்டு வரிசையா உள்ள போறாங்க. அஞ்சு டப்பாவுலயும் எண்ணெய் வெள்ளையாக் கட்டியா ஒறைஞ்சு போயி அடைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு சொட்டு எறங்கலை. பீங்கான் நெறைஞ்சு, வழிஞ்சு, தரைல ஓடி, வாசப்படி தாண்டி வெளிய வந்துருச்சு. வெளிய செவுத்தோரமா ஏலத்துக்கு அடுக்கியிருந்தது அங்கப்பன் தோப்புக் கொப்பரை. அடி வரிசை மூட்டை பூராவும் நனைஞ்சு போச்சு.

ஒம்பது மணிக்கு எனக்குப் போன். நான் பஸ்ஸப் பிடிச்சுப் போயிச் சேர்றப்ப பன்னெண்டு ஆயிருச்சு. அம்பது பேரு கூடி நிக்கறாங்க. அங்கப்பன் மூக்குல துண்டு. ராசாத்தாள் ஒரு ஓரமா, கைல தொடப்பம். நான் ஒரு டப்பாவக் கழட்டிக் கவுத்துனேன். கட்டி விழுகவே இல்லை. ஸ்பேனரால நெம்புனேன். அப்பத்தான் வெள்ளையா வில்லையா வந்து விழுந்துச்சு. தேங்காய் எண்ணெய் வாசம். அந்தச் சந்தைல யாருக்கு அந்த வாசம் தெரியாது?

"இதுல எண்ணெய ஊத்துனது யாருங்க?" அங்கப்பன் கேட்டாரு. அப்பவும் 'ங்க' போட்டுத்தான்.

ராசாத்தாள் என்னையப் பார்த்துச்சு. ஒரே ஒரு பார்வை. கெஞ்சலை, மொறைக்கலை. நான் சொல்லுவேன்னு நெனைச்சுது, அவ்வளவுதான். நான் கைல இருந்த ஸ்பேனரப் பார்த்தேன். சுத்தி அத்தனை பேரு கோவமா நிக்கறாங்க, நடுவுல ஒத்தை ஆளு நான். முப்பது வருசத்துப் பேரு. கோயமுத்தூர்ல இருந்து வந்த பெரிய பிளம்பரு, கக்கூசுல தேங்காய் எண்ணெய ஊத்தச் சொன்னானாம்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். இதெல்லாம் அந்த ரெண்டு செகண்டுல ஓடுச்சு. வாய் தொறக்கலை.

"நாந்தானுங்க. என்ற ரோசனைதானுங்க. தெரியாமப் பண்ணிப்போட்டேன்."

அந்தம்மா அப்படிச் சொல்லிப்போட்டு, தரைல தேங்குனதத் தள்ள ஆரம்பிச்சுருச்சு. நான் அப்பவும் சும்மாதான் நின்னேன். த்தூ, என்ன ஆம்பளை நான்.

அன்னிக்கு மத்தியானமே அங்கப்பன் சொன்னபடி பண்ணாரு. பொம்பளைப் பக்கம் பூட்டு விழுந்துச்சு. சாக்பீசத் தேடி எடுத்துப் புதுசா 'தண்ணி இல்லை'ன்னு எழுதுனாங்க. ராசாத்தாளக் கழுவற வேலைல இருந்து நிறுத்திப்போட்டாங்க. தேங்காய் உடைக்கறது மட்டும் இருந்துச்சு. இனி அஞ்சு பீங்கானையும் கழட்டிப்போட்டு, பழைய மாதிரி குழாய் வெக்கோணும். அந்த வேலைய யாருகிட்டக் கொடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? எங்கிட்டத்தான்.

ஊட்டுக்கு வந்து சாயிராகிட்டச் சொன்னேன். அவ எந்திரிச்சுப் போயி, ஜன்னல் கட்டைல இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலக் கொண்டுவந்து என் முன்னாடி வெச்சா. பாதிக்கு மேல வெள்ளையா ஒறைஞ்சு நின்னுச்சு.

"கல்யாணம் ஆனதுல இருந்து மார்கழின்னா இத வெயில்ல வெக்கறேன். உங்க தலைல தேய்க்கறதுக்குத்தான் வெக்கறேன். ஒரு நாளாவது உங்க கண்ணுக்குப் பட்டுச்சாங்க?" அப்பறம், "எண்ணெய் தெரியாமப் பண்ணது. அது போகட்டும். வாய் மூடுனீங்களே, அது?"ன்னா.

மூணாம் நாள் துணிஞ்சு போனேன். அங்கப்பன் ஆபீசுல தனியா உக்காந்திருந்தாரு. "ஐயா, அந்தம்மா மேல தப்பில்லீங்க. ஊத்தச் சொன்னது நான். இந்தத் தடவை ரப்பர் நாக்கு வகை போட்டுத் தரேன், திரவமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கூலி கூட வேண்டாம்"னு கை கூப்பிச் சொல்லிப்போட்டேன். சொல்லிட்டா ஏதோ இடிஞ்சு விழுகும்னு நெனைச்சேன். ஒண்ணும் விழுகலைங்க. அவரு டீ வரவழைச்சுக் கொடுத்தாரு.

"அட விடுங்க பாய். யாரு ஊத்துனா என்னங்க. தப்பு யாரு மேலங்கறதா இப்பப் பேச்சு? தண்ணி ஊத்துனாத்தான் நம்ம ஆளுங்களுக்குச் சரிப்படுமுங்க. நீங்க குழாயப் போட்டுப் போடுங்க."

"அந்தப் பொம்பளைங்க?"

"பாக்கலாமுங்க."

சொல்ல வேண்டிய நாள்ல நான் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? அன்னிக்கும் இதேதான் ஆயிருக்குமோ என்னமோ. பூட்டு பூட்டாவேதான் இருந்திருக்கும். ஆனா அந்தம்மா அம்பது பேரு நடுவுல தனியா நின்னிருக்காது. அதுக்குக் கூட நான் ஒதவலை.

குழாய் வெக்க ரெண்டு நாள் ஆச்சு. கழட்டுன பீங்கான் அஞ்சையும் எங்க வெக்கறதுன்னு கேட்டேன். பொம்பளைப் பக்கத்தத் தொறந்து உள்ள அடுக்கச் சொன்னாங்க. ரெண்டு ரூம்லயும் அடுக்குனேன். மேல காலிச் சாக்கு கொண்டாந்து போட்டாங்க. இப்ப அது குடோன். நாளைக்கே தண்ணி வந்தாலும் உள்ள கால் வெக்க எடமில்லை. அடுக்குனதும் என் கைதான்.

ராசாத்தாள் எங்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாலாவது கால்ல விழுந்திருப்பேன். பார்த்தா, "வாங்க பாய், ஊட்டுல சாயிராம்மா சௌக்கியமுங்களா"ன்னு எப்பவும் போலத்தான். அந்த மரியாதைய என்னால தாங்க முடியலைங்க.

போன மாசம் ஒரு வேலையா உடுமலை போனவன் சந்தைக்குள்ள எட்டிப் பார்த்தேன். சித்திரை வெயிலு. களத்துல கால் வெக்க முடியலை. ராசாத்தாள் பழைய எடத்துல இல்லை, கக்கூசுக்கு முதுகக் காட்டி உக்காந்து உடைச்சுக்கிட்டு இருந்துச்சு. மூஞ்சி கருத்து, கன்னம் ஒட்டிப் போச்சு. தை மாசத்துல மறுபடி ஆசுபத்திரில படுத்து எந்திரிச்சிருக்குது. பக்கத்துல லோகப்பிரியா. ஒரு லிட்டர் பாட்டிலக் காணோம். அவளுக்கும் அதுக்கு முந்தின வாரம் நீர்க்கடுப்பாம், கண்ணு உள்ள போயிக் கெடந்துச்சு. இருபது வயசு கூட ஆகலை அந்தப் புள்ளைக்கு.

"பனியன் கம்பெனிக்கு அனுப்பலாமே அம்மணி"ன்னேன்.

"நான் படுத்துக்கிட்டா ஊட்ட ஆருங்க பார்க்கறது? இவ பக்கத்துல இருந்தாத்தான் ஆகுமுங்க."

டீக்காரர் வந்தாரு. என்ன தோணுச்சோ, மூணு டீ வாங்கிப்போட்டேன். ராசாத்தாள் வேண்டாங்கன்னு கை காட்டிருச்சு. லோகப்பிரியா வாங்கிக்கிட்டா. வெயில்ல நாக்கு வறண்டு கெடந்திருக்கும்போல, ஊதி ஊதி அவசரமாக் குடிச்சா. ரெண்டு முழுங்குதான். ராசாத்தாள் தேங்காய உடைச்சுக்கிட்டே, தலைய நிமுத்தாமச் சொல்லுச்சு.

"போதும் கண்ணு. இன்னும் அஞ்சு மணிநேரம் இருக்குது."

அந்தப் புள்ளை மிச்ச டீயக் களத்தோரமா மண்ணுல ஊத்திப்போட்டு, அருவாள எடுத்துக்கிச்சு. ராசாத்தாள் அடிக்கவும் வேண்டி வரலை, திட்டவும் வேண்டி வரலை. தண்ணி குடிக்கலைன்னா அடி விழும்னு சொன்ன அதே வாய்.

என் டீய நான் முழுசாக் குடிச்சேன். ராசாத்தாளோடதையும் டீக்காரர் எங்கிட்டயே நீட்டுனாரு, அதையும் குடிச்சேன். வெயில்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கோணுமேன்னு கெளம்பறதுக்கு முன்னாடி ஆம்பளைப் பக்கம் போனேன். கதவுல பூட்டு இல்லை. ஒண்ணுக்குப் போயிட்டு, நான் வெச்ச குழாய நானே திருகுனேன். தண்ணி நல்லா வேகமா வந்துச்சு.